சுவர்ப் பக்கம், தெருப் பக்கம்

ஜூன் 3

அக்காவுக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

நலம் விசாரித்தால் உனக்குப் பிடிக்காது என்று தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். வண்டி ஆடுகிறது. அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள்தான், வேறு எது. உன்னிடமிருந்து எடுத்து வந்த நாளிலிருந்து நாலு வருஷமாக ஊருக்குள் நாற்பதில் உருட்டிக்கொண்டிருந்தேன். அதுவரை சாதுவாக இருந்தது. போன மாதம் நான் வேலை பார்க்கிற மில்லை நெடுஞ்சாலைக்கு மாற்றிவிட்டார்கள். போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது. எழுபத்தைந்தைத் தாண்டினால் பின்பக்கம் நெளிய ஆரம்பிக்கிறது. எண்பதில் ஹேண்டில் என் பேச்சைக் கேட்பதில்லை. மெதுவாக வேகத்தைக் குறைத்தால்தான் அடங்குகிறது. பிரேக்கைத் தொட்டால் இன்னும் மோசம்.

இங்கே இருக்கிற மெக்கானிக்குக் கையைவிட வாய் பெரிது. முதலில் டயர் என்றான், மாற்றினேன். அப்புறம் ஹேண்டில் பேரிங் என்றான், அதையும் மாற்றினேன். பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டினான். கடைசியில் கையை விரித்துவிட்டு, "வண்டிக்கு வயசாயிடுச்சு சார், வயசானா ஆடத்தான் செய்யும்" என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாரம் கூடிப்போய் ஆடுகிறதோ என்றும் பார்த்துவிட்டேன். பை இல்லை, சாப்பாட்டு டப்பா இல்லை, நான் மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். காற்றில்லாத காலை, நல்ல ரோடு. அப்போதும் அதே ஆட்டம்.

பட்டறையில் எஞ்சின் என் பொறுப்பு, பின் சக்கரம் உன் பொறுப்பு என்று அப்பா பிரித்து வைத்திருந்தாரே, அதனால்தான் கேட்கிறேன். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்? உன் கை இப்போது எப்படி இருக்கிறது என்று என் வீட்டில் அவள் கேட்கச் சொன்னாள்.

தம்பி

—

ஜூன் 12

அவசரத்துக்கு,

அப்பா வைத்த பட்டப்பேர் இன்னும் உனக்குத்தான் பொருந்துகிறது. எழுதியதைத் திரும்பப் படிக்காமல் உறையில் போட்டு ஒட்டியிருக்கிறாய். படித்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டாய்.

உன் கடிதத்தில் ஒரு இடத்தை மட்டும் மத்தியானம் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். 'நான் மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் அதே ஆட்டம்.'

தனியாக. பின்னால் யாரும் இல்லை. அப்படியானால் இப்போது அசைந்தது யார்?

நாலு வருஷத்துக்கு முன்னால் அதே வண்டியில் நீ ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருக்க, நெடுஞ்சாலையில் விழுந்தோம். உனக்கு முழங்காலில் சிராய்ப்பு. எனக்கு இடது தோள் நொறுங்கியது. நான் கண் விழிப்பதற்கு முன்பே நீ அப்பாவிடம் சொல்லிவிட்டாய், "பின்னால உக்காந்திருந்தவ திடீர்னு அசைஞ்சுட்டா" என்று. நான் கண் விழித்தபோது வார்டு முழுக்க அது தெரிந்திருந்தது. ஊசி போட வந்த நர்ஸ்கூட வண்டியில் ஆடாமல் உட்கார வேண்டும் என்று எனக்குப் புத்தி சொன்னாள். நானும் நம்பினேன். மடியில் இருந்த சாமான் பை நழுவாமல் பிடிக்க ஒரு தடவை குனிந்தது நினைவிருந்தது. அது விழுந்தபோதா, அதற்குப் பத்து நிமிஷம் முன்பா என்பதுதான் நினைவில்லை. நாலு வருஷமாக அந்த ஒரு நொடியைப் போட்டு உலுக்கிக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் அப்பா சாவதற்கு இரண்டு நாள் முன்னால் என்னைக் கேட்டார். "அன்னிக்கு ஏம்மா அசைஞ்ச?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டு போகலாம் என்பது போலக் கேட்டார். நான் "தெரியலப்பா" என்றேன். நீ அதே அறையில் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். விடுங்கப்பா என்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் போனை நான் எடுக்காதது அன்றிலிருந்துதான்.

எனக்கு ஒரு வரி எழுது. 'நீ அசையவில்லை' என்று. இரண்டே வார்த்தை.

வண்டிக்கு வருகிறேன். ஹேண்டிலை விடு, கோளாறு பின்னால் இருக்கிறது. முதலில் நெளிவது பின்பக்கம் என்று நீயே எழுதியிருக்கிறாய். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார். கடக் கடக்கென்று ஆடினால், சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் மூட்டில் இருக்கிற புஷ் வளையம் தேய்ந்து போய்விட்டது. பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே என்ன இருந்தது என்று எழுது.

கையை விசாரித்தவளிடம் சொல், டீ டம்ளரைப் பிடிக்கும், தோளுக்கு மேல் தூக்க வராது.

அக்கா

—

ஜூன் 24

அக்காவுக்கு,

ஆடியது. நீ எழுதிய மாதிரியே கடக் கடக்கென்று. நூல் பிடித்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாய் என்று அப்பா உனக்கு நூலு என்று பேர் வைத்தார். இப்போது இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தே நூல் பிடித்துவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கும் நானும் உட்கார்ந்து பிரித்தோம். புஷ் இருந்த இடத்தில் புஷ் இல்லை. கறுப்புத் தூள் ஒரு கைப்பிடி கொட்டியது, அதில் நாலு துணுக்கு. மெக்கானிக் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். இதை வைத்துக்கொண்டு எண்பதில் போனவன் இன்னும் நடமாடுகிறான் என்று அவனுக்கு ஆச்சரியம்.

இங்கே லேத் வைத்திருப்பவர் புதிதாகக் கடைந்து தருகிறேன் என்கிறார். அளவு வேண்டும். இன்னொன்று, பின் சக்கரத்தை ஆர்மில் வெட்டியிருக்கிற எந்தக் கோட்டில் நிறுத்த வேண்டும்? மெக்கானிக் இரண்டு பக்கமும் சமமாக வைத்திருக்கிறான். இந்த வண்டிக்கு அப்படி வைக்கக் கூடாது என்று நீ சொல்வாய், சுவர்ப் பக்கம் இவ்வளவு, தெருப் பக்கம் இவ்வளவு என்று ஒரு கணக்கு வைத்திருப்பாய். எனக்கு எண்ணிக்கை மறந்துவிட்டது. நம் பட்டறையில் இடது வலது என்று யார் சொன்னோம்? வண்டியை எப்போதும் ஒரே ஸ்டாண்டில் ஒரே திசையில் ஏற்றுவதால் சுவர்ப் பக்கம், தெருப் பக்கம் என்றே பழகிவிட்டது. இவனிடம் வாய் தவறி அப்படிச் சொன்னேன். இங்கே எல்லாப் பக்கமும் தெருதான் சார் என்றான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அன்றைக்கு நடந்தது வேறு, இப்போது நடப்பது வேறு. நீ அசைந்தாயா இல்லையா என்று பார்க்க எனக்கு முதுகிலா கண் இருக்கிறது? அசைந்த மாதிரி இருந்தது, சொன்னேன். பையைப் பிடிக்கக் குனிந்தேன் என்று நீயே எழுதுகிறாய். அப்பாவும் போய்விட்டார். இனிமேல் அதைக் கிளறி யாருக்கு என்ன?

அடுத்த மாதம் அவளுக்கும் மில் ஆபீசில் வேலை. அந்தப் பக்கம் பஸ் கிடையாது, என் பின்னால் உட்கார்ந்துதான் வர வேண்டும். அதை நினைத்தாவது சீக்கிரம் எழுது.

தம்பி

—

ஜூலை 2

அவசரத்துக்கு,

கறுப்புத் தூள் என்று எழுதியிருக்கிறாய். இந்தத் தடவையும் திரும்பப் படிக்காமல் ஒட்டிவிட்டாய்.

கறுப்பு, கம்பெனி புஷ். நான் கடைந்தது பித்தளை. மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். விபத்துக்கு முந்தின வாரம் அந்த வண்டியின் பின்பக்கம் லேசாக ஆடுகிறது என்று கண்டுபிடித்ததே நான்தான். கடையில் புஷ் கிடைக்கவில்லை. மூன்று நாள் லேத்தில் நின்று பித்தளையில் ஒரு ஜோடி கடைந்தேன். எண்ணெய்த் துணியில் சுற்றிச் சனிக்கிழமை காலையில் உன் கையில் கொடுத்தேன். பழையதை அடித்து வெளியே எடுக்க என் பலம் போதாது என்பதால்தான் கொடுத்தேன், இல்லாவிட்டால் என் வேலையை உன்னிடம் ஏன் விடுகிறேன்? சாயங்காலம் கேட்டபோது "போட்டுட்டேன்க்கா" என்றாய். அந்த வார்த்தையை நம்பி டேங்கில் சாக்பீஸால் டிக் போட்டேன். மறுநாள் நம்பி ஏறி உட்கார்ந்தேன்.

பித்தளை தேய்ந்தால் மஞ்சளாகத்தான் கொட்டும்.

நீ போடவே இல்லை. ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு ரோட்டில் கிடந்தபோதே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பழியை என் தலையில் கட்டினாய், நினைவில்லாமல் கிடந்தவள் எதிர்த்துப் பேச மாட்டாள் என்று. போன கடிதம் எழுதும்போது எனக்கு உன் மேல் வருத்தம்தான் இருந்தது. இப்போது வயிறு எரிகிறது. நாலு வருஷமாக நான் என் உடம்பையே நம்பவில்லை. பஸ்ஸில்கூடக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்பேன், பக்கத்தில் இருப்பவர்கள் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். அப்பா கடைசிவரை என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை, மன்னித்தார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்குவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

யாருக்கு என்ன என்று கேட்டிருக்கிறாய். எனக்கு.

புஷ் அளவைத் தனித்தாளில் வரைந்து வைத்திருக்கிறேன், லேத்காரரிடம் அப்படியே கொடு. கோட்டுக் கணக்கையும் கேட்டுக்கொள். அப்பா அந்த ஆர்மை வேறொரு வண்டியிலிருந்து எடுத்து மாட்டினார். கோடுகளை அவரே உளியால் வெட்டினார், ஒரு பக்கம் ஒரு கோடு தள்ளிப்போய்விட்டது. அதனால் சமமாக வைத்தால் சக்கரம் கோணலாக நிற்கும். சுவர்ப் பக்கம் மூன்றாவது கோடு, தெருப் பக்கம் இரண்டாவது கோடு.

இதை உனக்காக எழுதவில்லை. பின்னால் உட்காரப் போகிறவளுக்காக எழுதுகிறேன்.

அக்கா

—

ஜூலை 16

அக்கா,

இப்போது திருப்திதானே?

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவளுக்கு வலது மணிக்கட்டும் காறை எலும்பும் உடைந்திருக்கின்றன. எனக்கு இந்தத் தடவையும் சிராய்ப்புதான். நீ அதைத்தான் முதலில் கேட்பாய், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

புது புஷ் போட்டேன். உன் கடிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு சக்கரத்தை மாட்டினேன். நம் பட்டறையில் வண்டி நிற்பதைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். சுவர் இடது பக்கம். இடது மூன்று, வலது இரண்டு. ஊருக்குள் ஓட்டும்போது கொஞ்சம் ஒரு பக்கமாக இழுத்தது. புது புஷ் பதியட்டும் என்று விட்டுவிட்டேன். நீ கணக்குச் சொன்ன பிறகு நான் எதற்கு நூல் பிடிக்க வேண்டும்? உன் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை அப்படி. திங்கட்கிழமை காலையில் அவளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறினேன். எழுபதுகூடத் தொடவில்லை. முன்பு ஆடியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி ஆடி எங்களைத் தூக்கி எறிந்தது.

மெக்கானிக் வந்து நூல் பிடித்துப் பார்த்தான். இடது இரண்டு, வலது மூன்று இருக்க வேண்டிய சக்கரம், நேர் எதிராக மாட்டியிருக்கிறீர்கள் என்றான்.

நூலு கோட்டை மாற்றி எழுதுவாளா? முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட உன் கணக்குத் தப்பியதில்லை. தெரிந்தேதான் எழுதியிருக்கிறாய். என் மேல் கோபம் என்றால் என்னோடு நிறுத்தியிருக்கலாம். அவள் உனக்கு என்ன செய்தாள்? உன் கையை விசாரித்தவள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நான் எழுந்து ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. கையைப் பற்றிச் சொல்லவில்லை, வலியைப் பற்றிச் சொல்லவில்லை. "நான் அசையவே இல்லைங்க" என்றாள். வாயைத் திறந்ததும் அதுதான். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பி

—

ஜூலை 21

தம்பிக்கு,

தப்பு என்னுடையது.

தெரிந்து செய்யவில்லை, ஆனால் செய்தது நான். நீ இருந்த காலத்தில் ஸ்டாண்டில் ஏற்றினால் வண்டியின் மூக்கு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நிற்கும். பின் சக்கரத்துக்குப் பின்னால் நான் உட்கார்ந்தால் சுவரும் ஸ்பேனர்ப் பலகையும் என் இடது கைப் பக்கம். விபத்துக்குப் பிறகு அந்தக் கையால் பலகையை எட்ட முடியவில்லை. நீ வண்டியை எடுத்துக்கொண்டு போன அடுத்த வாரம் அப்பா ஸ்டாண்டையே திருப்பிப் போட்டார், பலகை என் வலது கைக்கு வரும்படி. அதிலிருந்து எனக்குச் சுவர்ப் பக்கம் என்றால் வண்டியின் வலது பக்கம். நாலு வருஷப் பழக்கத்தில் அப்படியே எழுதிவிட்டேன். நீ அதற்கு முன்னால் போனவன் என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை. உன் மேல் இருந்த கோபத்தில் கோட்டுக் கணக்கை அவசர அவசரமாக எழுதினேன், உன்னை மாதிரியே.

அப்பா இறந்தபோது மூன்று நாள் இங்கே இருந்தாய். பட்டறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். அதை நான் சாக்காகச் சொல்லவில்லை. இடது, வலது என்று எழுதியிருக்க வேண்டியது நான். ஓட்டுவதற்கு முன் நூல் பிடி என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டியதும் நான். அந்தப் பேரை வைத்துக்கொண்டு அதை மறந்தேன்.

உன் கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. பதினொன்றேகாலுக்கு இந்தக் கடிதத்தின் முதல் வரியை எழுதிவிட்டேன். அவ்வளவு நேரம்தான் ஆகிறது.

கீழே இருப்பதைக் கிழித்து அவள் கையில் கொடு. நீ படித்துக் காட்ட வேண்டாம், அவளே படிக்கட்டும்.

'தம்பி வீட்டுக்காரிக்கு. நீ அசையவில்லை. பின்னால் உட்கார்ந்தவர் கொஞ்சம் அசைந்ததற்கெல்லாம் ஒழுங்கான வண்டி விழாது. சக்கரம் கோணலாக இருந்தது. கோட்டைத் தப்பாகப் புரியும்படி எழுதியது நான். நாளைக்கு யாராவது உன்னைக் கேட்டாலும், உனக்கே சந்தேகம் வந்தாலும் இந்தத் தாளை எடுத்துப் பார். உன் எலும்பு உடைந்ததற்கு நான் காரணம். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.'

அக்கா

—

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

தாளை அவளிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். மடித்துத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்க அக்காவுக்கு இந்த மாதிரி ஒரு தாள் யாரு குடுத்தாங்க?" என்று கேட்டாள். நான் மருந்து வாங்கப் போவது போல எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து தேவைக்கு மேல் என்னிடம் பேசுவதில்லை. வலிக்கிறதா என்று கேட்டால், இல்லை என்கிறாள்.

நீ புஷ் கொடுத்த அந்தச் சனிக்கிழமை நான் இவளைப் பார்க்கப் போனேன். அப்போது கல்யாணம் ஆகவில்லை, உங்களுக்கெல்லாம் தெரியாது. புஷ் வேலையில் உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும், திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உன்னிடம் போட்டுட்டேன் என்றேன். திங்கட்கிழமை நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

நீ கடைந்த ஜோடி எண்ணெய்த் துணியோடு என் டூல் பெட்டியின் அடியில்தான் நாலு வருஷமாக இருந்தது. முதலில் பிரித்தபோதே அதைப் போட்டிருக்கலாம். எடுத்தால் இது எங்கிருந்து வந்தது என்று மெக்கானிக் கேட்பான், இவள் கேட்பாள். அதற்குப் பயந்து உன்னிடமே அளவு கேட்டு எழுதினேன். போன வாரம்தான் அதை எடுத்துப் போட்டேன். மரச் சுத்தியலால் நாலு தட்டு, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்துவிட்டது. இடது இரண்டு, வலது மூன்று. நூலும் பிடித்தேன். தொண்ணூறில் ஓட்டினேன். கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது.

ஜன்னலோரம் நின்றதைப் பற்றி எழுதியிருந்தாய். அப்பா கேட்டபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டு தெரியலப்பா என்றாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் அதுதான் உண்மை.

நீ அசையவில்லை.

இந்தக் கடிதத்தை மட்டும் சொந்தக்காரர்கள் யாரிடமும் காட்டாதே. உன் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி

—

ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

யாரிடம் காட்டப் போகிறேன்? காட்ட வேண்டியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

அந்த இரண்டு வார்த்தை வந்தால் உட்கார்ந்து அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. படித்துவிட்டு லேத்தில் போய் நின்று பாதியில் விட்டிருந்த வேலையை முடித்தேன். அது வந்துவிட்டால் கையும் சரியாகிவிடும் என்று எனக்குள் எங்கேயோ நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன் போல. கை அப்படியேதான் இருக்கிறது.

உனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதியிருக்கிறாயே. நீ பொய் சொன்னதைக்கூட என்றாவது ஆறப்போடுவேன். இதை முடியாது.

ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை புஷ்ஷுக்குக் கிரீஸ் வை. செயின் தளர்ந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே நகர்த்து, ஒரு கோடு வித்தியாசம் மாறக் கூடாது. அவளுக்கு எலும்பு கூடிய பிறகு வண்டியில் ஏறுகிறாயா என்று கேள். மாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. ஏறினால், விறைப்பாக உட்கார வேண்டாம், வேண்டிய மட்டும் அசையலாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இனி எனக்கு எழுதாதே. பின் சக்கரம் இன்றிலிருந்து உன் பொறுப்பு.